அப்பா தலை துவட்டாத துண்டு

பத்து நாளைக்கு முன்னாடி நம்ம பத்தாங்கிளாஸ் குரூப்புல ஒருத்தி ஒரு போட்டோ போட்டா. பழைய தகர பேட்ஜ். துரு ஏறி, ஊக்கு உடைஞ்சு, நடுவுல தலைவர் முகம் பாதி அழிஞ்சு கெடந்துச்சு. "பீரோ ஒழிக்கிறப்ப கெடச்சுது, உங்க வீட்ல என்ன இருக்கு, போடுங்கடி"னு கீழ எழுதியிருந்தா. தேர்தல் சீசன் வேற. அவ்ளோதான், ஆளாளுக்கு ஆரம்பிச்சுட்டீங்க. ஒருத்தி பாக்கெட் காலண்டர், ஒருத்தி அட்டை விசிறி, ஒருத்தி மாமனார் வச்சிருந்த சாவிக்கொத்து. எல்லாத்துலயும் செத்துப்போன தலைவருங்க சிரிச்சுக்கினு இருந்தாங்க. அப்புறம் ஒருத்தி கேட்டா, யாருன்னு சொல்லல, அவளுக்கே தெரியும்: "உங்கப்பா வச்சிருந்தாரே ஒரு டூப்பு துண்டு, அது இப்ப எங்கடி?" அதுக்குக் கீழ பதினேழு சிரிப்பு பொம்மை. எண்ணிப் பாத்தேன்.

எனக்குக் கோவம் வரல. நீங்க நம்பினாலும் நம்பலைனாலும் வெக்கம்தான் வந்துச்சு. பதில் போடாம ஃபோனைக் கவுத்து வச்சுட்டேன். ஏன்னா உங்களுக்குச் சொல்றதுக்கு முன்னாடி வேற ஒருத்திகிட்ட அதைச் சொல்லவேண்டியிருந்தது. இந்த ஞாயித்துக்கிழமை போய்ச் சொல்லிட்டு வந்துட்டேன். இப்ப உங்களுக்குச் சொல்றேன். கொஞ்சம் நீளமா இருக்கும். நடுவுல யாரும் குட்மார்னிங் பூ படம் போடாதீங்க, புண்ணியமா போவும்.

எந்தக் கட்சினு சொல்லப்போறதில்ல. கரை என்ன கலருனும் சொல்லமாட்டேன். கலரைச் சொன்னா கட்சியைச் சொன்ன மாதிரிதான், அப்புறம் பாதிப்பேரு குரூப்பை விட்டு வெளிய போயிடுவீங்க. ரெண்டு கலர் கரை போட்ட துண்டுனு மட்டும் வச்சுக்குங்க.

அப்பாவோட வாடகை சைக்கிள் கடை ஞாபகம் இருக்கும். தேரடியில இருந்து நம்ம ஸ்கூலுக்குத் திரும்புற மூலை. முன்னால கடை, பின்னால வீடு, அதுக்கும் பின்னால ஒரு தூர்ந்துபோன கிணறு. நான் பொறக்கறதுக்கு முன்னாடி ஒரு எலெக்‌ஷனுக்குத் தலைவர் நம்ம ஊருக்கு வந்திருக்காரு. செங்கம் ரோட்டுல வேன் வர்றப்ப மழை புடிச்சுக்கிச்சு. கும்பல் அப்படியே கலைஞ்சு கடை கடையா ஒதுங்கிடுச்சு. அப்பா மட்டும் ஹேண்டில்பார்ல கொடியைக் கட்டிக்கினு, வேன் பக்கத்துலயே சைக்கிள் மிதிச்சுக்கினு வந்திருக்காரு. தலைவர் குனிஞ்சு பாத்தாராம். தன் தோள்ல கெடந்த துண்டை எடுத்து அப்பா தலையில போட்டு, "துவட்டிக்கப்பா, சளி புடிச்சுக்கப் போவுது"னாராம்.

அப்பா துவட்டிக்கல. தலைவர் தோள்ல கெடந்த துண்டுல தன் தலையைத் துடைக்கிறதாவது! சீட்டுக்கு அடியில இருந்த ரெக்சின் பைக்குள்ள அதை வச்சு மூடி, நனைஞ்சுக்கினே வீட்டுக்கு வந்து, மூணு நாள் ஜுரத்துல படுத்துக் கெடந்தாரு. அதுக்கப்புறம் கொஞ்ச வருஷத்துல தலைவர் போயிட்டாரு. கட்சியும் ரெண்டா உடைஞ்சுது. அப்பா ஒரு பாதியோட நின்னாரு. துண்டு எங்க வீட்டு டிரங்குப் பொட்டியில, மஞ்சத்துணி பைக்குள்ள, அந்துருண்டையோட நின்னுது. அதைத் துவைச்சதே கெடயாது. அப்பா மோந்து பாத்துட்டு, "தலைவர் வாசனை இன்னும் அப்படியே இருக்குது"னுவாரு. எனக்கு அந்துருண்டை வாசனைதான் வரும்.

எலெக்‌ஷன் வந்துட்டா எங்க வீடுதான் முதல் வீடு. வேட்பாளர் யாரா இருந்தாலும் ஓட்டு கேக்கக் கெளம்புற அன்னிக்குக் காலையில எங்க வீட்டுக்கு வருவாரு. அம்மா ஆரத்தி எடுப்பா. அப்பா தாம்பாளத்துல அந்தத் துண்டை மடிச்சபடி வச்சு நீட்டுவாரு. வேட்பாளர் அதைத் தொட்டு ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்குவாரு. பின்னாடி வந்தவங்க எல்லாம் வரிசையா ஒத்திக்குவாங்க. பிரிச்சுப் பாக்கிற வழக்கமே இல்ல. அன்னிக்கு முழுக்க அப்பா முதல் ஜீப்புல, வேட்பாளருக்குப் பக்கத்துல நிப்பாரு. மத்த நாள்ல பஞ்சர் ஒட்டுற மனுஷன். அந்த ஒரு நாள் அவரைப் பாக்கணுமே! சட்டைக் காலரே வேற மாதிரி நிக்கும்.

அந்த வருஷம் நாம ஏழாவது. பேட்ஜ் பைத்தியம் புடிச்சு அலைஞ்சோமே, அந்த வருஷம். சிரிக்கிற தலைவர் ஒண்ணு குடுத்தா கை தூக்குற தலைவர் ரெண்டு. எங்க கடை முழுக்கக் கட்சி சாமான் வந்து எறங்கியிருந்ததால என்கிட்டதான் ஸ்டாக் ஜாஸ்தி. அதனால நீங்க எல்லாரும் என் பின்னாலயே சுத்தினீங்க. தகரத்துல புதுப் பெயின்ட் வாசனை, மைதா பசை வாசனை, நியூஸ் பேப்பர்ல கட்டின துண்டு பண்டில்ல இருந்து வர்ற கஞ்சி வாசனை. கணக்கு டீச்சர் ஒருநாள் என் பினஃபோர்ல இருந்த நாலு பேட்ஜையும் புடுங்கி மேஜை டிராயர்ல போட்டுட்டாங்க. அதுக்கு நான் அழுத அழுகை!

இப்ப எங்க மாமாவைப் பத்திச் சொல்லணும். அம்மாவோட தம்பி. கல்யாணம் ஆகாத ஆளு, எங்க வீட்டுலயே இருந்து கடையில அப்பாவுக்கு வேலை செஞ்சாரு. அவரு எதிர்க்கட்சி. ஒரே வீடு, ஒரே சோத்துப்பானை, ரெண்டு கட்சி. தன் கட்சி பேட்ஜைச் சட்டைக்கு உள்பக்கமா குத்திக்குவாரு, தெருமுனை தாண்டினதும் எடுத்து வெளிய குத்துவாரு. திரும்பி வர்றப்ப மறுபடி உள்ள போயிடும். அம்மா, "எனக்கு இருக்கிறது ஒரு ஓட்டு, ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதி கிழிச்சுக்குங்க"னு சொல்லிக்கினே சோறு போடுவா. மாமாவுக்கு வாய் சும்மா இருக்காது. "மாமா, அந்தத் துண்டை ஒருவாட்டி துவைங்க, தலைவர் வேர்வை வந்து ஓட்டு போடாது"னு அப்பாவை இழுப்பாரு. அப்பா ஸ்பானரை ஓங்குவாரு. அப்புறம் ரெண்டு பேரும் ஒண்ணாதான் டீ குடிப்பாங்க.

அந்த சீசன் ஆரம்பத்துல கட்சிக்காரங்க கடைக்கு வந்து பேசிக்கினு இருந்தப்ப மாமா ஒரு வார்த்தை சொன்னாரு. "எல்லாரும் இந்தத் துண்டைத் தொட்டுத் தொட்டு ஜெயிக்கிறீங்க. ஒருநாள் நானே அதை மாத்தி வச்சுட்டு வேற துண்டை வெக்கப்போறேன் பாருங்க, எவனுக்கும் தெரியப்போறதில்ல." எல்லாரும் சிரிச்சாங்க. அப்பாவும்தான். நானும் அங்கதான் தரையில உக்காந்து பேட்ஜ் எண்ணிக்கினு இருந்தேன்.

அடுத்த வாரம் சனிக்கிழமை. அரைநாள் ஸ்கூல். காலையில இருந்தே எனக்கு அடிவயித்துல இழுத்துப் புடிச்ச மாதிரி வலி. வீட்டுக்கு வந்தா அம்மா இல்ல, மாவு மில்லுக்குப் போயிருந்தா. அப்பா கடையில யாரோடயோ சத்தமா பேசிக்கினு இருந்தாரு. நேரா பின்கட்டுக்குப் போனேன். உள்பாவாடையெல்லாம் ரத்தம். நமக்கெல்லாம் யாருடி முன்கூட்டிச் சொன்னா? உள்ள ஏதோ கிழிஞ்சுபோச்சு, சாகப்போறேன்னுதான் நெனச்சேன். கையும் ஓடல, காலும் ஓடல. எதிர்ல கயித்துல துணி தொங்கிச்சு, இழுத்தேன், வச்சுக்கினேன்.

அது அந்தத் துண்டு. ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் வேட்பாளர் வர்றதுக்கு முன்னாடி ஒருவாட்டி காத்தாடப் போடுவாங்க, அன்னிக்குப் போட்டிருக்காங்க. அதே கயித்துல அம்மாவோட பழைய பாவாடையும் தொங்கிச்சு. ஏன் கை அதுக்குப் போகல? தெரிஞ்சு எடுத்தேனா, தெரியாம எடுத்தேனா? இத்தினி வருஷமா என்னையே கேட்டுக் கேட்டுப் பாத்துட்டேன். சத்தியமா தெரியல.

கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் எனக்கு வெளங்குச்சு. அம்மா மாசத்துல மூணு நாள் தூரமா உக்காருவாளே, இதுதான் அதுனு. சாகப்போறதில்லனு தெரிஞ்ச உடனே, அதை விடப் பெரிய பயம் வந்துடுச்சு. அந்த மூணு நாளும் அம்மா அந்தப் பொட்டி இருக்கிற ரூம் வாசப்படியைக்கூட மிதிக்கமாட்டா. அவ்ளோ பெரிய துண்டு. அதை நான் எதுக்கு வச்சுக்கினேன்! பார் சோப்பு போட்டுத் தேய் தேய்னு தேய்ச்சேன். தண்ணி ஊத்த ஊத்தக் கறை அகலமாச்சே ஒழிய போகல. கடைசியில ஒரு செங்கல்லை உள்ள வச்சு முடிச்சுப் போட்டு அந்தத் தூர்ந்த கிணத்துல போட்டுட்டேன். அடியில கொஞ்சம் தண்ணி இருந்துச்சு. 'தொபக்'னு ஒரு சத்தம். அவ்ளோதான்.

அப்புறம் நான் செஞ்சதுதான் கெட்டிக்காரத்தனம். கடைக்குள்ள போய், தொண்டருங்களுக்குக் குடுக்க வந்திருந்த பண்டில்ல இருந்து ஒரு புதுத் துண்டை உருவினேன். அடுப்படியில மிச்சமிருந்த டீத்தண்ணியில முக்கினேன். வெயில்ல ஓட்டுமேல போட்டேன். காஞ்சதும் கல்லுல தேய்ச்சு, கசக்கி, அதே மாதிரி மடிச்சு, மஞ்சப் பையில அந்துருண்டையோட வச்சுப் பொட்டியை மூடினேன். அப்பாதான் எடுத்து வச்சுட்டாருனு அம்மா நெனச்சா, அம்மாதான் எடுத்து வச்சுட்டானு அப்பா நெனச்சாரு. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், அந்த மடிப்பு அப்படியே அமைஞ்சப்ப எனக்குக் கொஞ்சம் பெருமையாகூட இருந்துச்சு.

அன்னிக்குச் சாயங்காலம் மாமா என்னைப் பாத்துட்டு, "இன்னா பாப்பா, மூஞ்சி செத்துக் கெடக்குது? பரிச்சையில கோட்டை விட்டுட்டியா?"னு கேட்டாரு. சைக்கிள் பார்ல உக்கார வச்சுக் கூட்டிக்கினு போய் ஒரு பன்னீர் சோடா வாங்கிக் குடுத்தாரு. "யாரு கேட்டாலும் நான் கையெழுத்து போடறேன், உங்கப்பனுக்குத் தெரிய வேணாம்"னாரு. மார்க் ஷீட்டைப் பத்திச் சொல்றாரு பாவம். சோடா குடிச்சுக்கினே அழுதேன். அவரு கேக்கல, வேற பக்கம் பாத்துக்கினு நின்னாரு.

வேட்பாளர் வந்தாரு. ஆரத்தி, தாம்பாளம், துண்டு. கண்ணுல ஒத்திக்கினாரு. பின்னால முப்பது பேரு ஒத்திக்கினாங்க. ஒருத்தருக்கும் தெரியல. அப்பா ஜீப்புல ஏறினாரு. அப்பாடானு இருந்துச்சு எனக்கு. அதோட முடிஞ்சுதுனு நெனச்சேன்.

அதே வாரம் கூட்டம். உங்களுக்கும் ஞாபகம் இருக்கும், நாம எல்லாரும் மேடைக்கு முன்னால மண்ணுல உக்காந்திருந்தோம். பட்டாணி வாங்கித் தின்னோம். வெளியூர்ல இருந்து ஒரு வயசான பேச்சாளர் வந்திருந்தாரு, அந்தக் காலத்துல தலைவருக்குக் கார் ஓட்டினவராம். அப்பாவை மேடைக்குக் கூப்பிட்டாங்க. அப்பா துண்டோட ஏறினாரு. அந்தப் பெரியவரு அழுதுட்டாரு. "என் தலைவன் தோள்ல கெடந்தது, ஊரே பாக்கட்டும்"னு சொல்லித் துண்டை வாங்கி ரெண்டு கையாலயும் விரிச்சுத் தூக்கிப் புடிச்சாரு. வெளியாளுங்க யாரும் அதுவரைக்கும் அதை விரிச்சதில்ல.

விரிச்சவரு கரையைப் பாத்தாரு. கண்ணாடியை ஏத்திவிட்டுக்கினு மறுபடி பாத்தாரு. மைக்கு பக்கத்துலயே இருந்ததால எல்லாம் கேட்டுச்சு.

"தம்பி, இது உனக்கு எப்ப போட்டாரு?"

"மழையில அண்ணே, செங்கம் ரோட்ல..."

"தலைவர் இருந்த வரைக்கும் நடுவுல இந்தக் கோடு ஏதுப்பா? நாம தனியா வந்தப்புறம் இல்ல இந்தக் கோட்டைப் போட்டோம்?"

ரெண்டு கலருக்கும் நடுவுல, நூல் மாதிரி மெல்லிசா, ஒரு கோடு. கட்சி உடைஞ்சப்ப அப்பா இருந்த பாதி, தாங்க வேறனு காட்டக் கரையில அதைச் சேத்திருக்காங்க. பண்டில்ல வந்த எல்லாத் துண்டுலயும் அது இருந்துச்சு. பன்னெண்டு வயசுப் புள்ளைக்கு அது எங்க தெரியும்? நான் கலரைப் பாத்தேன், கஞ்சியைப் போக்கினேன், மடிப்பைப் பாத்தேன். கோட்டைப் பாக்கல.

அப்பா துண்டைக் கையில வாங்கினாரு. வாங்கி, மோந்து பாத்தாரு. அத்தினி ஜனத்துக்கு எதிர்ல, மைக்கு முன்னால நின்னுக்கினு ஒரு துண்டை மோந்து பாத்தாரு. டீ வாசனை வந்திருக்கும். எவனோ பின்னால இருந்து "டூப்பு!"னு கத்தினான். கூட்டம் சிரிச்சுது. நீங்க சிரிச்சீங்க. உங்களைக் குத்தம் சொல்லல, ஏன்னா உங்க நடுவுல உக்காந்துக்கினு நானும் சிரிச்சேன். சிரிக்காட்டி யாராவது என்னைப் பாத்துடுவாங்கனு பயம்.

மறுநாள் காலையில அம்மா எனக்கு ஜடை பின்னிக்கினு இருந்தா. ஒரு பக்கம் முடிஞ்சுது. அப்பா கடையில இருந்து உள்ள வந்து, சாப்பிட்டுக்கினு இருந்த மாமா எதிர்ல நின்னாரு.

"என் துண்டு எங்கடா?"

மாமா விளையாட்டுனு நெனச்சுச் சிரிச்சாரு. "என்ன மாமா, காலங்காத்தால..."

"நீதானடா சொன்ன, மாத்தி வெக்கறேன்னு? நாலு பேரு முன்னால சொன்னல்ல?"

"ஐயோ மாமா, அது விளையாட்டுக்குச் சொன்னது. உங்க துண்டை நான் தொடுவனா? அக்கா, நீ சொல்லு."

அம்மா சொல்லல. அவளுக்கும் அந்தப் பேச்சு ஞாபகம் வந்துடுச்சு. அவ கை என் தலையிலயே நின்னுபோச்சு. மாமா என்னைப் பாத்தாரு. "பாப்பா, நீயும் அங்கதான் இருந்த. நான் சிரிச்சுக்கினுதான் சொன்னேன், இல்ல?"

நான் ரிப்பனைக் கடிச்சுக்கினு நின்னேன். ஒரு வார்த்தை. 'நான்தான்'னு ஒரே வார்த்தை. வாயில ரிப்பன் இருந்துச்சுனு அப்புறம் எத்தினி வாட்டி எனக்கு நானே சமாதானம் சொல்லியிருக்கேன் தெரியுமா? மாமா பாதித் தட்டுல எழுந்து கை கழுவினாரு. ரெண்டு சட்டையைப் பையில போட்டாரு. கடையில இருந்து எதையும் எடுக்கல. கீழ்பென்னாத்தூர் பஸ்ஸைப் புடிச்சுப் போயிட்டாரு. போறப்ப பேட்ஜை வீட்டு வாசல்லயே வெளிப்பக்கமா குத்திக்கினாரு. அதைப் பாத்துட்டு அப்பா, "பாத்தியா, பாத்தியா"னு அம்மாகிட்டச் சொன்னாரு.

தேர்தல் முடிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சு ஒருநாள் அம்மா கண்டுபுடிச்சுட்டா. ஊருக்கு அது முதல் வாட்டி, எனக்கு மூணாவது. பெரிய மனுஷி ஆயிட்டேன்னு சொல்லி அனுப்பினாங்க. நம்ம பக்கம் வழக்கம் தெரியும்ல, பச்சை ஓலை வெட்டிக் குடிசை கட்டறது தாய்மாமன்தான். அவரு இல்லாம அது நடக்காது. அம்மா அழுதா. அப்பா, "அவன் வாசப்படி மிதிக்கக் கூடாது, ஓலையை வேணா அனுப்பட்டும்"னாரு.

மாமா அனுப்பினாரு. வண்டியில போட்டுத் தெருமுனை வரைக்கும் அவரே கொண்டாந்து, எறக்கி வச்சுட்டு நின்னுட்டாராம். பக்கத்து வீட்டு ஆளுங்க தூக்கிக்கினு வந்து பின்கட்டுல, சந்துப் பக்கச் சுவத்தை ஒட்டிக் குடிசை போட்டாங்க. எந்த விஷயத்துக்காக அவரு வெளிய போனாரோ, அதுக்கு அவரு வெட்டின ஓலை. அதுக்குள்ள நான் பதினோரு நாள் உக்காந்திருந்தேன். பச்சை ஓலை வாசனை இன்னிக்கும் எனக்கு ஆகாது. கல்யாண வீட்டுல வாசல்ல தென்னை ஓலை கட்டியிருந்தா மூச்சைப் புடிச்சுக்கினுதான் உள்ள போவேன்.

நாலாவது நாளோ அஞ்சாவது நாளோ, மத்தியானம். அப்பா கடையில. அம்மா அடுப்படியில. சந்துல சைக்கிள் பெல் மெதுவா ஒருவாட்டி அடிச்சுது. சுவத்துக்கு அந்தப் பக்கம் மாமா குரல்.

"பாப்பா. நான்தான். திரும்பாத, உக்காரு. நல்லா இருக்கியா? உளுந்தங்களி குடுக்கறாங்களா?"

"ம்."

"உனக்குப் பொடவை வாங்கியிருக்கேன். உங்கம்மாகிட்ட சேத்துடறேன்." அப்புறம் சொன்னாரு, "பாப்பா, எங்கக்கா கூட நம்பல. நான் எடுக்கல பாப்பா. உங்கப்பன் தலைவரை நான் கிண்டல் பண்ணுவேன், அந்தத் துண்டைக் கிண்டல் பண்ணதில்ல. அது அவரு மழையில நனைஞ்சு கொண்டாந்தது. நீயாவது நம்புறியா?"

இப்ப சொல்லு, இப்பவாவது சொல்லுனு உள்ள அடிச்சுக்கிச்சு. சுவரு அந்தப் பக்கம், முகம்கூட பாக்கவேண்டியதில்ல. இதை விட சுலபமான எடம் எனக்கு அமையவே போறதில்ல.

"நம்புறேன் மாமா"னு சொன்னேன்.

அவரு மூக்கை உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சு. "போதும்"னாரு. "எனக்கு இது போதும் பாப்பா." பெல்லை ரெண்டு வாட்டி அடிச்சுட்டுப் போயிட்டாரு. சந்தோஷமா அடிச்ச பெல்லுடி அது. எனக்கு நல்லா தெரியும், ஸ்கூல்ல இருந்து கூட்டிக்கினு வர்றப்ப அவரு அப்படித்தான் அடிப்பாரு.

அப்பா அதுக்கப்புறம் எந்தக் கூட்டத்துக்கும் போகல. அடுத்த எலெக்‌ஷன்ல வேட்பாளர் வேற வீட்டுல இருந்து கெளம்பினாரு. கடைக்கு வாடகை சைக்கிள் எடுக்க வர்ற பசங்க, "டூப்பண்ணே, காத்து அடிங்க"னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. அவரு அதுக்கும் திரும்பினாரு. செத்தப்ப கொடி போத்த ஒருத்தரும் வரல. அம்மா அவ கடைசி நாள் வரைக்கும், "என் தம்பி அந்த ஒரு தப்புதான் பண்ணான், அதை நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்"னு சொல்லிக்கினு இருந்தா. பண்ணாத தப்பை மன்னிச்ச பெருமையோட அவ போயிட்டா. நான் பக்கத்துல உக்காந்து காலைப் புடிச்சுவிட்டுக்கினு இருந்தேன். கிணத்தை மூடிட்டு இப்ப அங்க ஒரு லாட்ஜ் கட்டியிருக்காங்க. பௌர்ணமி கிரிவலத்துக்கு வர்ற காருங்க நிக்கிற எடத்துக்கு அடியில கெடக்குது துண்டு. எங்கடினு கேட்டல்ல, அங்கதான்.

மாமா கீழ்பென்னாத்தூர்லயே ஒரு சைக்கிள் கடை வச்சு, கல்யாணம் பண்ணி, ஒரே பொண்ணு பெத்து, நாலு வருஷத்துக்கு முன்னாடி போய்ச் சேந்தாரு. அவரு பொண்ணுதான் மூணு வாரத்துக்கு முன்னாடி எனக்கு ஃபோன் பண்ணா. "அண்ணி, எம்பொண்ணு பெரிய மனுஷி ஆயிட்டா. மொத நலங்கு நீங்கதான் வெக்கணும். அப்பா சொல்லிட்டுப் போயிருக்காரு. அந்த வீட்ல என்னை நம்பினது அந்தப் பொண்ணு ஒண்ணுதான்னு சாகிற வரைக்கும் சொல்லிக்கினு இருந்தாரு." அப்புறம் அந்தக் குழந்தை ஃபோனை வாங்குச்சு. "அத்தை, பி.டி. பீரியட்ல வந்துச்சு. மிஸ்கிட்ட சொன்னேன், பேட் குடுத்தாங்க. அம்மாதான் ஓவரா சீன் போடறாங்க."

மிஸ்கிட்ட சொன்னேன். அவ்ளோதான், மூச்சு விடற மாதிரி சொல்லிட்டா.

ஞாயித்துக்கிழமை போனேன். சின்ன மண்டபம். வெளிய ரோட்டுல பிரச்சார வண்டி போச்சு, கம்ப்யூட்டர்ல செஞ்ச குரல்ல செத்துப்போன தலைவர் ஓட்டு கேட்டுக்கினு போனாரு. பந்தி வேலை நடந்துக்கினு இருந்தப்ப, சீர்த்தட்டு வச்சிருந்த ரூமுக்குள்ள மாமா பொண்ணு தனியா இருந்தா. கதவைச் சாத்திட்டு எல்லாத்தையும் சொன்னேன். கயிறு, கிணறு, டீத்தண்ணி, ரிப்பன், சந்து, பெல்லு. ஒண்ணையும் விடல.

அவ தட்டுல இருந்த வெத்திலையை ஒண்ணொண்ணா நேரா அடுக்கினா. அப்புறம் கேட்டா, "இதை எதுக்கு அண்ணி இப்ப என்கிட்டச் சொன்னீங்க?"

"உண்மை தெரியணும்ல, உங்கப்பா மேல தப்பு இல்லனு..."

"எங்கப்பா மேல தப்பு இல்லனு எனக்கு எப்பவுமே தெரியும். அதுக்கு நீங்க வேணாம்." கண்ணைத் தொடச்சுக்கினா. "உங்க வீட்ல இருந்து அவருக்குனு கெடச்சது அந்த ஒரு வார்த்தைதான். ஒரு புள்ள நம்புச்சுனு அதை வச்சுக்கினே வாழ்ந்துட்டுப் போனாரு. அவருக்கப்புறம் நான் வச்சிருந்தேன். இப்ப அதையும் எடுத்துக்கினீங்க."

பாரம் எறங்கும்னு நெனச்சுத்தான் போயிருந்தேன், யாரோட பாரம்னு யோசிக்கல. வெளிய இருந்து யாரோ நேரமாச்சுனு கூப்பிட்டாங்க. அவ தட்டைத் தூக்கி என் கையில குடுத்தா. "வாங்க. மொத நலங்கு நீங்கதான்னு எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு."

போனேன். குழந்தை மணையில உக்காந்து என்னைப் பாத்துச் சிரிச்சுது, மாமா சிரிப்பு அப்படியே. சந்தனத்தைத் தொட்டுக் கன்னத்துல வச்சேன்.

"அத்தை, ஏன் கை இப்படி நடுங்குது?"

"வயசாயிடுச்சும்மா"னேன். அதுவும் பொய்தான்.